பனி பெய்வதில்லை

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில், "பனி பெய்கிறது, தலையில் துணியைப் போட்டுக்கொள்" என்று மூத்தோர் எச்சரிக்கும் குரல் வீட்டுக்கு வீடு கேட்கும். அக்குரலைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். பள்ளியில் படித்த நாளில், கடல் கடந்த நாட்டில் வாழ்ந்த பேனா நண்பர் ஒருவருக்கு, "எங்கள் ஊரிலும் மார்கழி, தை மாதங்களில் பனி பெய்யும்" என்று அகராதியைப் புரட்டி ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். அவர் விடாமல் மறுகடிதம் எழுதினார். "அப்படியானால் உங்கள் தெருவில் குவியும் பனியை யார் மண்வாரியால் அள்ளுகிறார்கள்? பள்ளிக்கு எப்படி நடந்து போகிறீர்கள்?" என்பன அவருடைய கேள்விகள். எனக்கு விடை தெரியவில்லை. கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

மாணவ நண்பர்களே, குற்றம் அகராதியின்மேல் இல்லை. பனி என்னும் ஒரே சொல்லால் நாம் நான்கு பொருள்களைக் குறிக்கிறோம். புல் நுனியில் முத்துப்போல் நிற்பது பனித்துளி. எதிரே வருபவர் முகம் தெரியாதபடி ஊரை மறைப்பது மூடுபனி. உதகமண்டலத்தில் விடியற்காலையில் புல்வெளியின்மேல் உப்புத் தூவினாற்போல் படிந்திருப்பது உறைபனி. இமயத்திலும் குளிர்நாடுகளிலும் வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்குவது வெண்பனி. இந்நான்கனுள் உண்மையிலேயே வானத்திலிருந்து பெய்வது கடைசியாகச் சொன்ன வெண்பனி ஒன்றே. மற்ற மூன்றும் பெய்வதில்லை. இதனை நான் கற்றுக்கொண்டது வகுப்பறையில் அன்று. ஒரு மார்கழி வாரத்தில், தோல் காயவைக்கும் முற்றத்தில். அந்த ஏழு நாட்களின் கதையையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து தமிழகத்தில் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அது நீராறு அன்று, மணலாறு. அதன் பள்ளத்தாக்கின் ஒருபுறம் சவ்வாது மலை, மேற்கே ஏலகிரி, வடபுறம் ஆந்திர எல்லையை ஒட்டிய மலைத் தொடர். இடையே தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர்கள். கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிக் கொதிக்கும் இதே நிலத்தில், மார்கழி, தை இரவுகளில் வெப்பம் 18 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. சென்னைக்கு அருகில் கடல் இருக்கிறது. பகலில் வாங்கிய வெப்பத்தைக் கடல்நீர் எளிதில் விடுவதில்லை. ஆகவே சென்னையின் இரவு இவ்வளவு குளிர்வதில்லை. பாலாற்று மணலோ வெயிலில் விரைந்து சுட்டு, இருளில் விரைந்து ஆறிவிடும் இயல்புடையது.

என் தாய்மாமன் ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில் காயவைக்கும் பகுதியின் மேற்பார்வையாளராக இருந்தார். அரையாண்டு விடுமுறையில் அவரோடு ஆலைக்குச் செல்வது எனக்குப் பெருமகிழ்ச்சி. பட்டைச் சாற்றில் ஊறிப் பதமான தோல்களைக் கொம்புகளில் தொங்கவிட்டுக் காற்றாட உலர்த்துவார்கள். அங்கே வேலை செய்தவர்கள் தோலுக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர்கள். தோல் காயாவிட்டால் அவர்களுக்கு அன்று அடுப்பெரிவதும் கடினம்.

அந்த வாரம் திங்களும் செவ்வாயும் வங்கக் கடலில் தோன்றிய ஒரு காற்றழுத்தத் தாழ்வினால் வானம் மூடிக் கிடந்தது. வடகிழக்கிலிருந்து ஈரக்காற்று வீசியது, இடையிடையே தூறல். பகல் முழுவதும் வெயிலே இல்லாததால் கம்பளி போர்த்தியவர்களே எங்கும் தென்பட்டனர். கொட்டகைக்குள் தொங்கிய தோல்கள் தொங்கியபடியே ஈரமாக இருந்தன. பக்கத்துக் கிடங்கில் உப்பிட்டு அடுக்கியிருந்த பச்சைத் தோல்களிலிருந்து உப்புநீர் கசிந்தது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை ஈர்த்துத் தானே கசியத் தொடங்கும் என்பதை நீங்கள் வீட்டு உப்புச் சாடியிலும் கண்டிருப்பீர்கள்.

புதன்கிழமை காற்றும் மேகமும் விலகின. வெயில் வந்ததும் தொழிலாளர் முகங்களிலும் ஒளி வந்தது. கொட்டகையில் இடமில்லாமையால் பாதித் தோல்களைத் திறந்த முற்றத்துக் கொம்புகளில் தொங்கவிட்டனர். மாலையில் அவை முக்காற்பங்கு காய்ந்திருந்தன. அப்போது முதியவரான ஒரு தொழிலாளி வானத்தை நிமிர்ந்து பார்த்து, "துடைத்துவிட்டாற்போல இருக்கிறதையா. இன்றிரவு பனி கொட்டும். எப்படியாவது உள்ளே எடுத்துவிடுவோம்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு துண்டு மேகம்கூட இல்லையே மாமா, நீர் எங்கிருந்து கொட்டும்? மழை பெய்த நாள்களில் அல்லவா அஞ்சியிருக்கவேண்டும்?" என்று என் புத்தக அறிவைக் காட்டினேன். உள்ளே இடமும் இல்லை. சரக்கை அனுப்பவேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. மாமா சிறிது தயங்கினார். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

வியாழன் விடியலில் சென்று பார்த்தோம். முற்றத்துத் தோல்கள் ஒவ்வொன்றிலும் நீர் முத்து முத்தாய்ப் படிந்து வழிந்துகொண்டிருந்தது. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் நீர்த்துளி பட்ட இடம் கறுத்துக் கறையாகும். கறைபட்ட தோல் தரம் இறங்கிய தோல். எல்லாவற்றையும் மறுபடி ஒரே சீராக நனைத்து, முதலிலிருந்து உலர்த்தவேண்டியதாயிற்று. அந்த இரண்டாம் உழைப்புக்குத் தொழிலாளர்க்குக் கூலி கிடையாது. முதியவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. "தம்பி, அந்த முனையைப் பிடி" என்று மட்டும் சொன்னார். பிடித்தேன். ஆனால் என் கேள்வி என்னை விடவில்லை. மேகமில்லாத வானத்திலிருந்து அவ்வளவு நீர் எப்படி வந்தது?

வானத்திலிருந்து வரவில்லை என்பதே விடை. நீர் நம்மைச் சூழ்ந்த காற்றிலேயே இருந்தது. காற்று தன்னுள் நீராவியை ஏந்தி நிற்பது. ஆயினும் அது ஏந்தக்கூடிய அளவு வெப்பத்தைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர்க் காற்று 30 டிகிரியில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியை ஏந்தும். 20 டிகிரியில் 17 கிராம். 15 டிகிரியிலோ 13 கிராம்தான். இரண்டு நாள் தூறலுக்குப் பின் அந்த மாலைக் காற்றில் கன மீட்டருக்கு 15 கிராம் நீராவி இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அது காற்றுக்கு எளிய சுமை. நள்ளிரவில் 17 டிகிரிக்குக் குளிர்ந்ததும் அதே சுமை தாங்க முடியாததாகிறது. மிஞ்சிய நீராவி, தன்னைத் தொடும் குளிர்ந்த பொருளின்மேல் நீராய்ப் படிகிறது. குளிர்ந்த நீர் நிறைத்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போன்றதே இது.

செம்பு குளிர்ந்தது உள்ளிருந்த நீரால். தோல் குளிர்ந்தது எதனால்? உலகிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக இடைவிடாது வெளியே வீசிக்கொண்டிருக்கிறது. பகலில் கதிரவனிடமிருந்து வரவு மிகுதி. இரவில் வரவு நின்றுவிடுகிறது, செலவு மட்டும் நடக்கிறது. வானில் மேகம் இருந்தால் அது நிலத்தின் கதிரை வாங்கிப் பெரும்பகுதியை நமக்கே திருப்பித் தருகிறது. போர்வை போல் பயன்படுகிறது. மேகம் இல்லையேல் வெப்பம் விண்வெளிக்குப் போய்விடுகிறது. ஆகவே திறந்த வானத்தை நோக்கியிருக்கும் புல்லும் தோலும் ஓடும், சுற்றியுள்ள காற்றைவிடவும் சில டிகிரி மிகுதியாகக் குளிர்ந்துவிடுகின்றன. முதியவர் கண்ட "துடைத்த வானம்" பனியின் அறிகுறியாவது இதனால்தான். மேகமின்மையே நீருக்குக் காரணம் என்பதை நான் நேர்மாறாக எண்ணியிருந்தேன்.

இந்த உண்மையை முறையாக நிலைநாட்டியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் இலண்டன் மருத்துவர். 1814ஆம் ஆண்டு அவர் பனித்துளியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். எடை போட்ட கம்பளிப் பஞ்சுகளை இரவில் தோட்டத்தில் வைத்து, காலையில் மறுபடி எடை போட்டுப் பார்ப்பது அவருடைய சோதனை. கால்களின்மேல் நிறுத்திய பலகையின் மேற்புறத்தில் வைத்த பஞ்சு மிகுதியாக ஈரமேறியது. அடிப்புறத்தில் ஒட்டிய பஞ்சும் ஓரளவு ஈரமேறியிருந்தது. மழைபோல் மேலிருந்து விழுவதாயின் பலகையின் அடியில் எப்படி நனையும்?

நம் நாட்டு மக்கள் இந்தக் கதிர்வீச்சைப் பெயரிட்டு அழைக்காவிட்டாலும் வேலை வாங்கத் தெரிந்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அலகாபாத்தில், வைக்கோல் பரப்பிய குழிகளில் ஆழமற்ற மண்சட்டிகளை வைத்து நீர் ஊற்றித் தெளிந்த இரவுகளில் விட்டுவைப்பார்கள். காற்று உறைநிலைக்குக் குளிராத இரவிலும் சட்டியிலுள்ள நீர் விடியுமுன் பனிக்கட்டியாகிவிடும். இராபர்ட் பார்க்கர் என்பவர் 1775ஆம் ஆண்டில் இதனை இலண்டன் ராயல் கழகத்துக்கு விவரித்து எழுதினார். வைக்கோல் நிலத்தின் சூட்டைத் தடுத்தது. தெளிந்த வானம் நீரின் சூட்டை வாங்கிக்கொண்டது.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம். அன்று காலை ஊரே காணாமற் போயிற்று. இரவு முழுவதும் மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று கனமேறி, நீர் வழிவதுபோல் இறங்கிப் பாலாற்றுப் பள்ளத்தில் தேங்கியிருந்தது. குளிர் நிலத்தோடு நில்லாமல் அதன்மேலுள்ள காற்றையும் பற்றும்போது, நீராவி பொருள்களின்மேல் படிவதோடு காற்றிலேயே நுண்துளிகளாக மிதக்கிறது. அதுவே மூடுபனி. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலையையே வானிலை அறிஞர் மூடுபனி என்கின்றனர். அன்று இருபது அடிக்கு அப்பால் தெரியவில்லை. காலணித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிவரும் பேருந்துகள் சென்னை - பெங்களூரு சாலையோரத்தில் விளக்கெரிய நின்றுகொண்டிருந்தன. இத்தகைய வேளையில் முகப்பு விளக்கை உயர்த்திப் போட்டால், ஒளி துளிகளில் பட்டு ஓட்டுநர் கண்ணையே கூசச் செய்யும். தாழ்த்திய விளக்கும் குறைந்த வேகமுமே காப்பு.

மூடுபனியில் மற்றொரு கேடும் ஒளிந்திருக்கிறது. வழக்கமாக மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறைய ஆறரை டிகிரி. ஏலகிரி ஆம்பூரைவிடக் குளிர்ந்திருப்பது இதனால்தான். தெளிந்த, அசைவற்ற குளிர்கால இரவில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. தரையை ஒட்டிக் குளிர்காற்றும் அதன்மேல் வெப்பக்காற்றும் நிற்கின்றன. வெப்பக்காற்று மூடிபோல் அமைந்துவிடுவதால் புகை மேலெழ வழியில்லை. 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனில் இப்படித் தேங்கிய நிலக்கரிப் புகையால் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டனர். பிற்கால ஆய்வாளர் அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்கின்றனர். நம் சென்னையிலும் 2018ஆம் ஆண்டு போகியன்று எரித்த பொருள்களின் புகை மூடுபனியோடு கலந்ததில், விமானங்கள் இறங்க இயலாமல் வேற்றூர்களுக்குத் திரும்பின. போகியில் பழைய டயரை எரிக்காதே என்று ஆசிரியர் சொல்வதன் காரணம், அந்த நாளின் காற்று அப்புகையை நம் மூக்குக்கு அருகிலேயே வைத்திருக்கும் என்பதுதான்.

சனிக்கிழமை வடக்கிலிருந்து உலர்ந்த காற்று பலமாக வீசியது. வானம் தெளிவாகவே இருந்தது. ஆயினும் ஞாயிறு விடியலில் பனித்துளியும் இல்லை, மூடுபனியும் இல்லை. காற்று மேலும் கீழுமாகக் கலந்ததால் தரையோரம் மட்டும் தனியே குளிர இடமில்லாது போயிற்று. ஆனால் என் பாட்டி அந்த இரவைத்தான் வாரத்திலேயே கொடிய இரவு என்றார். அவர் சொன்னதும் உண்மையே. நம் உடலைச் சுற்றி நாமே சூடேற்றிய மெல்லிய காற்றுறை ஒன்று இருக்கிறது. வீசும் காற்று அதனை அடிக்கடி பறித்துச் செல்கிறது. வெப்பமானி குளிர்ச்சியைக் காட்டாத போதும் உடல் குளிரை உணர்வது அதனால். அதே காற்று தோலின் ஈரத்தையும் வாரிச் சென்றது. மாமா இம்முறை விழிப்பாக இருந்தார். மிக விரைந்து காய்ந்தால் தோலின் ஓரங்கள் விறைத்துவிடும் என்று காற்று வரும் பக்கத்தில் தட்டியை இறக்கிவிட்டார். ஆக அந்த ஒரு வாரத்தில் தோலுக்கு மூன்று வகை இடையூறுகள்: மூடிய வானத்தில் காயாமை, தெளிந்த அமைதியில் நனைதல், தெளிந்த காற்றில் அளவுக்கு மீறிக் காய்தல். இன்று பல ஆலைகளில் வெற்றிட உலர்த்திகள் வந்துவிட்டன. என்றாலும் தோலுக்கும் காற்றுக்கும் உள்ள உறவு மாறவில்லை.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று அன்று மாமா ஒரு பழமொழி சொன்னார். தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, மார்கழி, தை மாதங்களை முன்பனி என்றும் மாசி, பங்குனி மாதங்களைப் பின்பனி என்றும் வகுத்தவர்கள். தொல்காப்பியமே இவற்றைப் பேசுகிறது. பருவத்தை இவ்வளவு நுட்பமாகக் கண்டவர்களின் பழமொழியை நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. திசையை மட்டும் திருப்பிப் படித்தால் போதும். பனி மேலிருந்து வந்து மச்சைத் துளைப்பதில்லை. மச்சின் வெப்பம் மேல்நோக்கிப் போய்விடுகிறது. அதனால் விடியற்காலையில் அதன்கீழ் உறங்குபவர் நடுங்குகிறார். மொட்டைமாடியிலோ திறந்த திண்ணையிலோ படுத்திருக்கும் முதியவர்க்கும் சாலையோரத்தில் உறங்கும் ஏழைக்கும் மேலே ஓர் ஓலைக் கூரை இருந்தாலும் பெரும் உதவி. ஓலை அவருடைய உடல் வெப்பத்தை வானத்துக்குப் போகவிடாமல் தடுக்கும்.

இனி என் பேனா நண்பருக்கு அன்று எழுதாமல் விட்ட விடையைச் சொல்லுகிறேன். ஆம்பூரில் வெண்பனி பெய்யாது. மேகத்திலிருந்து தரைவரை காற்று ஏறக்குறைய உறைநிலைக் குளிரில் இருந்தால்தான் அது உருகாமல் வந்து சேரும். நம் வானத்தில் அந்தக் குளிர் நாலரைக் கிலோமீட்டருக்கு மேலேதான் தொடங்குகிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர் உயரந்தான். அப்படியாயின் உதகமண்டலத்தில் நீர் உறைவது எவ்வாறு? அங்கும் அது வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்த புல்லின்மேல் படிந்த பனியே. புல் உறையும் அளவு குளிர்வது மேகமற்ற இரவில். மேகம் வந்த இரவிலோ புல் அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே குளிர் உள்ளபோது மேகமில்லை, மேகம் உள்ளபோது குளிரில்லை. உறைபனி அங்கே உண்டு, வெண்பனி இல்லை என்பதன் காரணம் இவ்வளவே.

மாணவ நண்பர்களே, இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தெளிந்த, காற்றடங்கிய ஒரு மாலையில் ஒன்றைத் திறந்த முற்றத்தில் வைக்கோலின்மேல் வையுங்கள். மற்றொரு கண்ணாடித் தட்டை முளைகளின்மேல் நிறுத்தி அதன் அடிப்பக்கத்தையும் காலையில் விரலால் தடவிப் பாருங்கள். மேகம் சூழ்ந்த இரவிலும், காற்று வீசும் இரவிலும் இதனையே திரும்பச் செய்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு வாரக் குறிப்பு போதும். அடுத்த மாலை வானத்தைப் பார்த்தே விடியலைச் சொல்லிவிடுவீர்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். மறுவாரம் மற்றொரு தெளிந்த மாலையில், முதியவர் வானத்தைப் பார்க்குமுன் நானே, "தாத்தா, உள்ளே எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு முனையைப் பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன். இருட்டுமுன் முற்றம் வெறுமையாயிற்று.